ஜெட் ஸ்கிக்கு வீட்டிலேயே செய்யும் உருளும் மரத்தாங்கி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பினாங்கில் ஜெட் ஸ்கி வைத்திருப்பவர்களுக்குக் கடல் ஒரு சிக்கலே அல்ல. பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கோ தெலுக் பஹாங் கடற்கரைக்கோ காலையில் கிளம்பினால் போதும். மாலையில் வீடு திரும்பிய பிறகு அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் வரிசை வீடுகளில் கார் போர்ச் ஒன்றுதான் இடம். அங்கே டிரெய்லரோடு நிறுத்தினால், அதன் நீண்ட இழுவைத்தண்டும் இருபுறச் சக்கரங்களும் சேர்ந்து காரைத் தெருவுக்குத் தள்ளிவிடும். ஜெட் ஸ்கியை மட்டும் ஒரு தாழ்வான உருளும் தாங்கியில் இறக்கிவைத்தால், சுவரோரமாகத் தள்ளிவிட்டுக் காரையும் உள்ளே விடலாம். அந்தத் தாங்கியை, துளையிடும் டிரில்லும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்த எவரும் இரண்டு வார இறுதிகளில் செய்துவிடலாம். நான் செய்த முதல் தாங்கி தோற்று, இரண்டாவது நிலைத்தது. இங்கே எழுதுவது இரண்டாவதன் செய்முறை.

முதல் தாங்கி தோற்றதற்குக் காரணம் மரமல்ல, சக்கரங்களும் அவற்றைப் பிடித்திருந்த திருகாணிகளும்தான். மலிவாகக் கிடைத்த குறுகலான கெட்டி நைலான் சக்கரங்களைப் போட்டு, மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கினால் போதும் என்று நினைத்து, திருகாணியால் மட்டும் முடுக்கியிருந்தேன். போர்ச்சின் ஓரத்தில் ஓடுகளுக்கு இடையில் இருந்த ஒரு பள்ளத்தில் சக்கரம் சிக்கியதும், பக்கவாட்டில் வந்த அதிர்ச்சி தகட்டையே திருகாணிகளோடு பிடுங்கிவிட்டது. ஒரு மூலை தரையில் விழுந்து, ஜெட் ஸ்கியின் அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அதைப் பார்க்க வந்த, வாழ்நாள் முழுவதும் தச்சுவேலை செய்த அண்டைவீட்டுப் பெரியவர், உடைந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, பாரம் கட்டை மேல உட்காரணும், ஆணியில தொங்கக் கூடாது" என்றார். இந்த விளக்கத்தில் வரும் ஒவ்வொரு இணைப்பும் அந்த ஒரே வரியைப் பின்பற்றியே அமைந்திருக்கிறது.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

மூன்று பேர் அமரும் ஜெட் ஸ்கிகள் பலவும் எரிபொருள் இல்லாமலே 350 கிலோ அளவில் இருக்கும். சிறிய வகைகள் 200 கிலோவுக்கு அருகில் இருக்கும். உங்களுடையதன் சரியான எடை உரிமையாளர் கையேட்டில் இருக்கிறது. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.74 கிலோ என்பதால், 70 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் இன்னும் 52 கிலோ கூடும். தாங்கியின் மரம் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 470 கிலோவைத் தாண்டுகிறது.

இந்த எடையை நான்கு சக்கரங்களுக்கு நான்காக வகுப்பதுதான் தொடக்கநிலையினர் செய்யும் தவறு. எந்தப் போர்ச்சின் தரையும் முழுச்சமமாக இருப்பதில்லை; நாற்காலியின் நான்கு கால்களில் ஒன்று ஆடுவதைப் போல, உருளும்போது எப்போதும் ஒரு சக்கரம் சுமையின்றி லேசாகிவிடும், மற்ற மூன்றும்தான் பாரத்தைச் சுமக்கும். எனவே மூன்றால் வகுக்க வேண்டும். 470-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 157 கிலோ. ஆகவே சக்கரம் ஒன்றுக்கு 200 கிலோ தாங்குதிறன் என்று பொறிக்கப்பட்டவற்றை வாங்குங்கள். குறுக்களவு 5 அங்குலம், அதாவது 125 மில்லிமீட்டர் இருக்கட்டும். பெரிய சக்கரம் ஓட்டு இடுக்கையும் சாக்கடை மூடியின் விளிம்பையும் எளிதாக ஏறிக் கடக்கும். ஓடுகள் பதித்த தரைக்கு, பாலியூரித்தேன் பூசிய அகலமான சக்கரமே சிறந்தது என்பது என் கருத்து. நான்குமே சுழலும் சக்கரங்களாக இருந்தால் தாங்கியைப் பக்கவாட்டில் சுவரோரம் தள்ள முடியும். குறைந்தது இரண்டிலாவது மிதித்துப் பூட்டும் பிரேக் இருக்க வேண்டும்.

மரமும் இரும்பும்

திரங்கானுவில் பாரம்பரியப் படகுகள் செங்கால் மரத்தில் கட்டப்படுகின்றன. மழையும் உப்பும் அதை எளிதில் தொடுவதில்லை. ஆனால் விலையும் கடினமும் அதிகம், தொடக்கநிலையினரின் டிரில் முனை அதில் திணறிவிடும். மருந்தேற்றிய கெம்பாஸ் மரம் போதுமானது. கூரையுள்ள போர்ச்சுக்குள்ளேயே இருக்கப்போகிறதென்றால் நல்ல சிவப்பு மெராந்தியும் போதும். மருந்தேற்றாத கெம்பாஸைக் கரையான் விட்டுவைக்காது என்பதால், மரக்கடையில் அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிச்சு பெரிதாக உள்ள கட்டையையும் முறுக்கிய கட்டையையும் ஒதுக்கிவிடுங்கள்.

தேவையான கட்டைகள் இவை: நெடுக்கட்டைக்கு 4க்கு 4 அங்குலத்தில் 2.4 மீட்டர் நீளமுள்ள இரண்டு. குறுக்குக்கட்டைக்கு அதே பருமனில் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று. ஆப்புக்கட்டைகள் வெட்ட அதே பருமனில் ஒரு மீட்டர். ஜெட் ஸ்கி நேரடியாக அமரும் தாங்குபலகைக்கு 2க்கு 4 அங்குலத்தில் 2.4 மீட்டர் நீளமுள்ள இரண்டு. மூலைவிட்டமாகப் பிடிக்க 1க்கு 4 அங்குலப் பலகை இரண்டு. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தவையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். மரத்தில் ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். அது சாதாரண இரும்பை அரிக்கும், அதோடு ஜெட் ஸ்கியிலிருந்து சொட்டும் உப்புநீரும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் நட்டு பொடியாகிவிடும்.

அளவை டிரெய்லரிடமிருந்து எடுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். ஜெட் ஸ்கியின் அடிப்பாகம் தட்டையானதல்ல. நடுவில் நெடுக ஓடும், மரக்கலம் கட்டுவோர் ஏரா என்று சொல்லும் விளிம்பிலிருந்து இருபுறமும் சாய்ந்து மேலேறும். தாங்குபலகை அந்தச் சாய்வோடு ஒட்டிப் படிந்தால் எடை பலகை முழுவதும் பரவும். படியாவிட்டால் பலகையின் ஒரு விளிம்பு மட்டும் குத்தி நிற்கும், சில மாதங்களில் அந்த இடம் உள்வாங்கிவிடும்.

டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, அதன் தாங்குபலகைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நடுவிலிருந்து நடுவாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் பின்முனை ஜெட் ஸ்கியின் பின்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும், பலகைகளின் மேற்புறம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பலகைக்கு அருகிலேயே அடிப்பாகத்தின் மேல் ஒரு நேரான மரச்சட்டத்தைக் குறுக்குவாட்டில் ஒட்டிப் பிடித்து, கைபேசியின் மட்டக்கருவியை அதன்மேல் வைத்தால் சாய்வுக் கோணம் தெரியும். முன்புறமும் பின்புறமும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் முன்புறம் போகப்போகச் சாய்வு கூடும். தண்ணீரை உறிஞ்சும் கம்பிவாயின் மீதோ, அடியில் நெடுக ஓடும் மேட்டுவரிகளின் மீதோ பலகை வரக்கூடாது; டிரெய்லர் செய்தவர்கள் அதைப் பார்த்தே அமைத்திருப்பார்கள் என்பதால் அந்த இடத்தை அப்படியே பின்பற்றுவது நல்லது.

ஒரு சிறு கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். பலகைகள் 40 சென்டிமீட்டர் இடைவெளியிலும் சாய்வு 20 பாகையிலும் இருந்தால், ஏரா விளிம்பு பலகையின் மேற்புறத்தைவிட 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்து தொங்கும். பலகையின் தடிமன் 5 சென்டிமீட்டர்தான். குறுக்குக்கட்டையின் மேல் பலகையை நேரடியாக வைத்தால் ஏராவே கட்டையில் இடித்து மொத்த எடையையும் வாங்கிக்கொள்ளும். இதற்காகவே பலகைக்கு அடியில் 8 சென்டிமீட்டர் உயர ஆப்புக்கட்டைகளை வைக்கிறோம்.

சட்டகம்

நெடுக்கட்டைகள் இரண்டையும் நடுவிலிருந்து நடுவாக 75 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாகப் படுக்கவைத்து, அவற்றின் மேல் மூன்று குறுக்குக்கட்டைகளை வையுங்கள். முனைகளிலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொன்றும், நடுவில் ஒன்றும். பக்கவாட்டில் முட்டவைத்து ஆணியடிக்காமல் மேலே வைப்பதற்குக் காரணம், பெரியவர் சொன்னதுதான்: எடை மரத்திலிருந்து மரத்துக்கு நேராக இறங்குகிறது, போல்ட்டின் வேலை நகராமல் பிடிப்பது மட்டுமே.

துளையிடுவதற்கு முன், சட்டகத்தின் எதிர் மூலைகளுக்கிடையே குறுக்காக இரண்டு அளவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை ஒரு மூலையை லேசாகத் தட்டிச் சரிசெய்யுங்கள். 3 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் வந்தால் போதும். இதை மூலைமட்டத்தால் மட்டும் செய்ய முயன்றால், நீளமான கட்டையில் சிறு பிழை பெரிதாகிவிடும். பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் 13 மில்லிமீட்டர் துளையிட்டு, 12 மில்லிமீட்டர் மரைத்தண்டை 24 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்துச் செருகி, இருபுறமும் அகல வாஷரும் நட்டும் போட்டு முடுக்குங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரே போல்ட் என்பதால் சட்டகம் இணைகரமாகச் சாய வாய்ப்புண்டு. அதைத் தடுக்க, 1க்கு 4 பலகைகளை நெடுக்கட்டைகளின் அடியில் மூலைவிட்டமாக, சக்கரங்களுக்கு இடம்விட்டு, முடுக்கிவிடுங்கள்.

சக்கரங்களை முனைக் குறுக்குக்கட்டைக்கு ஒரு கையகலம் உள்ளே, நெடுக்கட்டையின் அடியில் பொருத்துங்கள். சக்கரத்தின் தகடு 4 அங்குல அகலத்துக்குள் அடங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். தகட்டின் நான்கு மூலைகளிலும் கட்டையை ஊடுருவிப் போகும் 10 மில்லிமீட்டர் போல்ட்டே போட வேண்டும், திருகாணி கூடாது.

தாங்குபலகை

கோணத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை ஜெட் ஸ்கியின் அடிப்பாகத்துக்கும் டிரெய்லர் பலகைக்கும் அருகில் பிடித்துப் பார்த்துச் சரியென்று தெரிந்த பிறகே மரத்தை அறுங்கள். ஆறு ஆப்புகள் தேவை: ஒரு குறுக்குக்கட்டைக்கு இரண்டு. முன், பின் ஆப்புகளை அடியிலிருந்து போல்ட்டால் பிடித்துவிட்டு, நடு ஆப்புகளைக் கடைசியில், பலகை உட்கார்ந்த பிறகு இடைவெளிக்கேற்ப அறுத்துச் செருகுவது எளிது. பலகையைப் பிடிக்கும் போல்ட்டின் தலை மேற்புறத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது புதைந்திருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்துகிறது என்றானதும் மொத்தத்தையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்புறத்துக்கான மரப்பூச்சை இரண்டு முறை பூசுங்கள். அறுத்த முனைகளுக்கு மூன்று முறை. மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். காய்ந்த பிறகு மீண்டும் பூட்டி, ரப்பர் அடிப்பகுதி இல்லாத வெளிப்புறக் கம்பளத்தால் தாங்குபலகையைச் சுற்றி, துருப்பிடிக்காத பின்களை அடிப்புறத்தில் மட்டும் அடியுங்கள். ரப்பர் வைத்த கம்பளம் உப்புநீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஏற்றுதல்

தாங்கியின் மொத்த உயரம் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் வரும். டிரெய்லரின் பலகை அதைவிடச் சற்று உயரமாக இருந்தால் நல்லது. தாழ்வாக இருந்தால் அதன் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள். டிரெய்லரின் பின்புறத்தைத் தாங்கியின் முன்புறத்தோடு முட்டவைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று பட்டையால் கட்டி, எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, கம்பளத்தைச் சோப்புநீரால் நனைத்த பிறகு, நான்கு பேர் இருபுறமும் நின்று மெதுவாகத் தள்ள வேண்டும். பின்னால் யாரும் நிற்கக்கூடாது. பாதி வந்ததும் நிறுத்தி, பலகையின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அமர்ந்த பிறகு, ஒரு தாளை மடிக்காமல் பலகைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே முன்னிருந்து பின்வரை நுழைத்துப் பாருங்கள். எங்காவது தாராளமாக உள்ளே போனால் அங்கே பலகை தொடவில்லை. அந்த ஆப்பின் அடியில் மெல்லிய மரச்சீவலைச் செருகி உயர்த்துங்கள். என் தாங்கியில் இடப்புற நடு ஆப்பு இரண்டு முறை சீவல் கேட்டது.

நம் போர்ச்சுகள் மழைநீர் ஓடத் தெருப்பக்க வாசற்கதவை நோக்கிச் சரிந்திருக்கும். ஜெட் ஸ்கியின் பின்புறத்தை அந்தத் தாழ்வான பக்கம் வைத்து, பின்னாலிருக்கும் வடிகால் அடைப்பான்களைக் கழற்றிவிட்டால் உள்ளே தேங்கிய நீர் தானாக வடியும். ஆனால் அதே சரிவு 470 கிலோவையும் தெருவுக்கு அழைக்கும் என்பதால், சக்கர பிரேக்கை மட்டும் நம்பாமல், தாழ்வான பக்கத்து இரு சக்கரங்களுக்கும் மர ஆப்பு வையுங்கள். நகர்த்தும்போது கீழ்ப்பக்கத்தில் நின்று தாங்க முயலாதீர்கள். போர்ச்சில் சாமி மேடை உள்ள வீடுகளில் விளக்கேற்றும் இடத்துக்கு எதிர்க்கோடியில் தாங்கியை நிறுத்துங்கள், ஏனெனில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து வெகுதூரம் போகும். முதல் மாதம் வாரத்துக்கொரு முறை எல்லா நட்டுகளையும் மீண்டும் முடுக்குங்கள். புது மரம் காயக்காயச் சுருங்கும்.