முகம் மரத்துப்போனால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்

முகத்தில் மரப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ தோன்றினால், அது எவ்வளவு வேகமாக வந்தது என்பதையே முதலில் கவனியுங்கள். ஒரு பக்கம் திடீரென மரத்து, அத்துடன் வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், அதைப் பக்கவாதமாகவே கருதி, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இந்தியாவில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள்தான் போடுகிறார்கள். சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட்டாலும் தயவுசெய்து வீட்டில் தங்கிவிடாதீர்கள், ஏனெனில் அது அடுத்து வரக்கூடிய பெரிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை மாத்திரையோ தண்ணீரோ வாயில் கொடுக்க வேண்டாம்.

பெல்ஸ் பால்சி என்னும் முகவாதத்தில் ஒரு பக்கத்து நெற்றியைச் சுருக்கவும் கண்ணை முழுமையாக மூடவும் இயலாமல் போகும். பக்கவாதத்திலோ நெற்றி பெரும்பாலும் அசையும். ஆனால் இந்த வேறுபாட்டை வீட்டிலேயே தீர்மானிப்பது ஆபத்தானது. முகவாதம்தான் என்று உறுதியானால், ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்ல பலன் தரும். மூடாத கண் உலராமல் காப்பதும் அவசியம்.

நெற்றியின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் குறுகுறுப்புத் தோன்றி, சில நாட்களில் கொப்புளங்கள் எழும்பினால் அது அக்கியாக இருக்கலாம். கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

உதடுகளைச் சுற்றி மட்டும் குறுகுறுத்தால், பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுவதும், நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரை தாழ்வதும் காரணமாகலாம். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இவ்வாறு நேர்ந்தால், கால்சியம் குறைந்திருக்கிறதா என்று தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். பல் சிகிச்சைக்காகப் போட்ட ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் நீங்கிவிடும்; மறுநாளும் நீடித்தால் பல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.