தோழிக்கு ஒரு கோல நோட்டு: வீட்டிலேயே தைக்கலாம்

என் தோழி ஒருத்தி மார்கழி முழுவதும் விடியற்காலையில் எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போடுபவள். முந்தைய நாள் இரவே மறுநாள் கோலத்தைத் தாளில் போட்டுப் பார்த்துவிடுவாள். அந்தத் தாள் எது தெரியுமா? காலண்டரில் கிழித்த தேதித் தாளின் பின்பக்கம், மளிகைக் கடைச் சீட்டு, பிள்ளையின் பழைய நோட்டில் மிஞ்சிய பக்கம். பொங்கல் முடிந்ததும் எல்லாம் பழைய பேப்பரோடு போய்விடும். "போன வருஷம் ஒரு தேர்க் கோலம் போட்டேனே, அதை எங்கே வைத்தேன்?" என்று ஒவ்வோர் ஆண்டும் தேடுவாள். அவளுக்காகத்தான் முதன்முதலில் இந்த நோட்டைத் தைத்தேன்.

கடையில் நல்ல நோட்டுகள் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கோலம் போடுகிறவருக்கு என்ன தேவை என்று யோசித்து எந்தக் கடையும் தைத்து வைப்பதில்லை. விரித்தால் தட்டையாகப் படிய வேண்டும், கோடு இல்லாத தாள் வேண்டும், புள்ளி வைக்க வசதி வேண்டும். இந்த மூன்றையும் நாமே செய்துவிடலாம். வேலை நேரம் மொத்தம் இரண்டு மணிதான். நடுவில் ஓர் இரவு பசை காய வேண்டும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்திருந்தால் போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஏ4 தாள் எட்டு. நகல் எடுக்கும் கடைகளில் கிடைக்கும் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளே போதும். மேலட்டைக்குக் கொஞ்சம் தடித்த சார்ட் அட்டை ஒன்று. உள்பக்கம் ஒட்ட ஒரு வண்ணத் தாள். துணிக்கு ஒரு பழைய பருத்திப் புடவையின் துண்டு. பட்டன் தைக்கும் தடித்த நூல், கண் பெரிதாக உள்ள ஊசி, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. துளை போடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ். ஸ்டீல் ஸ்கேல், கத்தரிக்கோல், துணி காயப்போடும் கிளிப் இரண்டு, ஒரு கிராஃப் தாள், மைதா.

இவற்றோடு பழைய தினசரி காலண்டரின் அட்டை ஒன்றையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். தேதித் தாள்கள் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிறோமே, அந்தத் தடித்த அட்டைதான். துளை போடும்போது அடியில் வைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. ஊசி முனை அதில் இறங்கி நிற்கும், மேஜையும் பிழைக்கும்.

துணிக்கு நான் சுங்குடியைத் தேர்ந்தெடுத்தேன். மதுரைச் சுங்குடியின் உடலெங்கும் புள்ளிகள்தான். உள்ளே புள்ளிக் கோலம் வரப்போகும் நோட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சட்டை எது? பட்டுத் துணியும் நைலக்ஸ் துணியும் வேண்டாம். பட்டில் பசை ஊறினால் கறை நிற்கும், நைலக்ஸ் ஒட்டவே ஒட்டாது. பருத்தித் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாக இருக்கும் துணியில் பசை மேலே கசியாது.

பசை காய்ச்சுதல்

மூன்று மேசைக்கரண்டி மைதாவைச் சிறிது பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு ஒரு சிறிய டம்ளர் தண்ணீர் சேர்த்து இளந்தீயில் வைத்துக் கை எடுக்காமல் கிளறுங்கள். பால் போல வெள்ளையாக இருந்தது மெல்ல மங்கி, கண்ணாடித்தன்மை வந்து, கரண்டியில் பிடிக்கத் தொடங்கும். அதுதான் பதம். இறக்கி ஆறவிட்டால் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக நிற்கும்.

பைண்டிங் செய்பவர்கள் இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். பூச்சி வராமல் இருக்க அது உதவும். ஆனால் அது நஞ்சு. வீட்டில், அதுவும் அடுப்படியில், பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும்போது துத்தம் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். மறுநாள் புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஃபெவிகாலும் பயன்படுத்தலாம். ஆனால் அது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். துணி கோணலாக விழுந்தால் எடுத்து ஒட்ட நேரம் தராது. புதிதாகச் செய்பவர்களுக்கு மைதாப் பசைதான் பொறுமையானது.

மேலட்டை

சார்ட் அட்டையை 30.5 செ.மீ. நீளம், 21.6 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். நீளத்தின் சரிபாதியில், அதாவது 15.25 செ.மீ. இடத்தில், ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்துங்கள். அந்தக் கோட்டில் இரண்டு மூன்று முறை மடித்து விரித்தால் அட்டை பழகிவிடும்.

துணியை அட்டையைவிட நான்கு பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக வெட்டிக் குப்புறப் போடுங்கள். பசையை அட்டையில்தான் தடவ வேண்டும், துணியில் தடவக் கூடாது. மெல்லிய பூச்சு போதும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும், குவியக் கூடாது. அட்டையைத் துணியின் நடுவில் கவிழ்த்து அழுத்தி, திருப்பிப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவுங்கள். காற்றுக் குமிழ்கள் ஓரமாகப் போய் வெளியேறும்.

பிறகு மூலைகள். நான்கு மூலையிலும் துணியைச் சாய்வாக வெட்டுங்கள், ஆனால் அட்டையின் முனையை ஒட்டி வெட்டிவிடாதீர்கள். அட்டை முனைக்கும் வெட்டுக்கும் நடுவே 3 மி.மீ. துணி இருக்கட்டும். ஒட்டி வெட்டினால் மடித்த பிறகு முனையில் அட்டை வெள்ளையாகத் தெரியும். இப்போது ஓரங்களில் பசை தடவி உள்ளே மடித்து ஒட்டுங்கள்.

துணி ஒட்டிய அட்டையை அப்படியே காயவிட்டால் அப்பளம் போல வளையும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் காய்ந்து இழுப்பதால் வரும் வளைவு அது. உள்பக்கமும் வண்ணத் தாளை ஒட்டிவிட்டால் இரு பக்க இழுப்பும் சமமாகும். வண்ணத் தாளை 29.7 செ.மீ., 21 செ.மீ. அளவில் வெட்டி, துணியின் மடிப்பு மறையும்படி ஒட்டுங்கள். மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே கொடுத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி ஓர் இரவு விடுங்கள். எங்கள் வீட்டில் அம்மிக் குழவியும் தண்ணீர் நிரப்பிய பித்தளைக் குடமும் இதற்குக் காவல் இருந்தன.

தாள்களும் துளைகளும்

எட்டுத் தாளையும் ஒன்றாக மடிக்காதீர்கள். இரண்டிரண்டாக மடித்து, மடிப்பை ஸ்பூனின் முதுகால் தேய்த்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். மொத்தம் 32 பக்கம். உள்தாள்களின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டும். அதை வெட்டிச் சமப்படுத்தத் தேவையில்லை, மேலட்டை மறைத்துவிடும்.

துளைக்கு அளவுப் பட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். 21 செ.மீ. நீளமுள்ள தாள் பட்டையை நீளவாக்கில் மடித்து, மடிப்பின் மேல் 1.5, 6, 10.5, 15, 19.5 செ.மீ. இடங்களில் குறியிடுங்கள். ஐந்து குறிகள், சம இடைவெளி.

தாள்களை மேலட்டைக்குள் வைத்து, மேலேயும் கீழேயும் அட்டை சம அளவில் நீட்டுகிறதா என்று பார்த்து, நடுப்பக்கத்தை விரித்து இரு பக்கமும் கிளிப் போடுங்கள். அளவுப் பட்டையை நடு மடிப்பில் பொருத்தி, காலண்டர் அட்டையின் மேல் வைத்து, காம்பஸ் முனையால் ஐந்து துளைகளையும் குத்துங்கள். முனை மடிப்பின் மேலேயே இறங்க வேண்டும். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் திருப்பி, வெளியே மடிப்பின் நடுவில்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விலகி வந்தால் முனையை லேசாகச் சாய்த்து மறுபடி குத்தலாம். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். துளை நேராக இருந்தால் தையல் தானாக நேராக வரும்.

தையல்

பள்ளி நாட்களில் ஆண்டு முடிந்ததும் அம்மா பழைய நோட்டுகளின் எழுதாத தாள்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியும் சணலும் கொண்டு ஓரத்தில் தைத்து ரஃப் நோட்டு ஆக்கித் தருவார். உறுதியாக இருக்கும், ஆனால் முழுதாக விரியாது. நடு மடிப்பில் தைத்தால்தான் நோட்டு படுத்துக்கொள்ளும். தாளைச் சேர்த்துப் பிடிப்பதும் நூல், சேர்ந்து நிற்பதும் நூல் என்று நம் மொழி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதை, இந்தத் தையல் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

70 செ.மீ. நூல் எடுத்து, மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுங்கள். மெழுகு ஏறிய நூல் சிக்காது, முடிச்சும் நழுவாது. துளைகளுக்கு மேலிருந்து கீழாக 1 முதல் 5 வரை எண் வைத்துக்கொள்வோம். நூல் முனையில் முடிச்சு போட வேண்டாம்.

1. உள்ளேயிருந்து 3-ஆம் துளை வழியாக வெளியே செல்லுங்கள். உள்ளே 8 செ.மீ. நூலை விட்டு வையுங்கள்.
2. வெளியேயிருந்து 2-இல் உள்ளே.
3. உள்ளேயிருந்து 1-இல் வெளியே.
4. திரும்பி 2-இல் உள்ளே.
5. 3-ஐத் தாண்டி, உள்ளேயிருந்து 4-இல் வெளியே.
6. 5-இல் உள்ளே.
7. திரும்பி 4-இல் வெளியே.
8. வெளியேயிருந்து 3-இல் உள்ளே.

இப்போது இரண்டு முனைகளும் உள்ளே, நடுத் துளையில் இருக்கும். 2-க்கும் 4-க்கும் நடுவே ஒரு நீண்ட நூல் ஓடுகிறதல்லவா? ஒரு முனை அதற்கு இந்தப் பக்கமும் மறுமுனை அந்தப் பக்கமும் வரும்படி வைத்து, அந்த நூலை அணைத்து இரண்டு முடிச்சு போடுங்கள். 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெளியே திருப்பிப் பார்த்தால் முதுகில் இடைவெளியே இல்லாத ஒரே நேர்கோடு. முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே துளையில் இரண்டாம் முறை போகும்போது முதலில் போன நூலையே ஊசி குத்திவிடக் கூடாது. குத்திவிட்டால் பிறகு இறுக்க முடியாது. அடுத்து, நூலை இறுக்கும்போது மடிப்பு ஓடும் திசையிலேயே இழுங்கள். என் முதல் நோட்டில் நூலை நேராக மேல்நோக்கி இழுத்தேன். நடுத்தாள் துளையிலிருந்து மடிப்பு நெடுகக் கிழிந்தது. அந்தத் தாளை மாற்றிவிட்டு முதலிலிருந்து தைக்க வேண்டியதாயிற்று.

புள்ளி அட்டை

இந்த நோட்டைக் கோல நோட்டாக்குவது இதுதான். பக்கம் பக்கமாக நாமே புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டாம். எந்தக் கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று போடுகிறவர் முடிவு செய்யட்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, மேலே கிராஃப் தாளை வைத்து, 8 மி.மீ. இடைவெளியில் 15 வரிசை, வரிசைக்கு 15 துளை குத்துங்கள். மொத்தம் 225 துளைகள். காம்பஸ் முனையை முழுதாக இறக்கினால்தான் பென்சில் முனை நுழையும். பக்கத்தின் மேல் அட்டையை வைத்துத் துளைகளில் புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி தயார். ஒன்று விட்டு ஒன்றாக, அடுத்த வரிசையில் இடம் மாற்றி வைத்தால் ஊடுபுள்ளி. நேர்ப்புள்ளியில் 15 புள்ளி வரையும், ஊடுபுள்ளியில் 8 புள்ளி வரையும் உள்ள கோலங்கள் இதில் அடங்கும்.

அட்டையை வைக்கப் பின்பக்க மேலட்டையின் உள்ளே ஒரு பை ஒட்டுங்கள். வண்ணத் தாளில் 14 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு. மூன்று ஓரங்களில் மட்டும் பசை. மேல் ஓரம் திறப்பு. புள்ளி அட்டை பைக்குள் போய், எடுக்க வசதியாகத் தலையை நீட்டி நிற்கும். பிடிப்புக்கு ஓரம் விட்டு, 13 செ.மீ. அகலத்தில் வெட்டினால் சரியாக இருக்கும்.

கொடுக்கும்போது

மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்குப் பிடித்த உணவு. பைக்குள் ஒரு சிறு வசம்புத் துண்டைத் தாளில் மடித்து வைத்துவிடுங்கள். நோட்டை ஈரம்படாத அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

கார்த்திகை கடைசியில் கொடுத்தால் மார்கழி முதல் நாளுக்கே பயன்படும். நான் கொடுத்தபோது தோழி முதலில் பக்கங்களைப் பார்க்கவில்லை; முதுகுத் தையலைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். பிறகு புள்ளி அட்டையை உருவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தை மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது அந்த நோட்டு அடுப்படி மாடத்தில் இருந்தது. ஏழாம் பக்கத்தில் தேர்க் கோலம், மடிப்பில் கொஞ்சம் கோலமாவு.

உங்கள் பெயரை எழுத ஆசையாக இருந்தால் பின்பக்கப் பையின் உள்ளே சிறிதாக எழுதுங்கள். முதல் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். அது பிள்ளையார் சுழிக்கான இடம், அதை அவரே போடுவார்.