தனிப் படகு பிடித்துத் தீவுகளையும் கடற்குகைகளையும் சுற்றுவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

கடற்குகை பார்க்கப் போகலாம் என்று முடிவானதுமே எல்லாரும் படகைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வாடகை எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், மேலே கூரை இருக்கிறதா, பாட்டுப் போடலாமா. என்னைக் கேட்டால் படகு மூன்றாவது வேலை. எந்தக் குகை என்பது முதல் வேலை, அதற்குள் எந்த நேரத்தில் நுழைய முடியும் என்பது இரண்டாவது. ஆள் கணக்கில் டிக்கெட் போடும் படகில் போனால் அவர்கள் வைத்த நேரம்தான், குகை அப்போது எப்படி இருந்தாலும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். தனிப் படகுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் உருப்படியான லாபம் ஒன்றுதான்: கிளம்பும் நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். அதைக் குகைக்கு ஏற்ற மாதிரி வைக்காவிட்டால் தனிப் படகு எதற்கு?

படி 1: குகையைத் தேர்ந்தெடுங்கள்

கடற்குகைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. படகே உள்ளே போகக்கூடியவை, படகை வெளியே நிறுத்திவிட்டுக் கயாக்கிலோ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) நீந்தியோ போக வேண்டியவை, வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவை. நீங்கள் ஆசைப்படும் குகை எந்த வகை என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தாலியின் காப்ரி தீவில் இருக்கிற நீலக் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசல் தண்ணீருக்கு மேல் சுமார் 1 மீட்டர் உயரம்தான். எவ்வளவு சொகுசான தனிப் படகில் போனாலும் வாசலுக்கு வெளியே சிறிய துடுப்புப் படகுக்கு மாறி, அதில் மல்லாந்து படுத்துக்கொள்ள, படகோட்டி பாறையில் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோவார். அதற்கு வரிசை தனி, கட்டணமும் தனி. இது தெரியாமல் போகிறவர்களுக்கு அங்கே போனதும் முகம் வாடிவிடும்.

இன்னொன்று, பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். போர்ச்சுகலின் அல்கார்வ் கடற்கரையில், கூரையில் வட்டமாக ஓட்டை விழுந்த பெனகில் குகையின் மணலில் ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருப்பீர்கள். 2024இல் விதிகள் மாறிவிட்டன, இப்போது அங்கே நீந்திப் போகவும் மணலில் இறங்கவும் தடை. எந்த இடமானாலும் இந்த வருட விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: ஓதத்தைப் பாருங்கள்

ஓதம் என்றால் கடல் மட்டம் ஏறி இறங்குவது. புதிதாகப் போகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பெரும்பாலான கடற்கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம், அதனால் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று ஒருவர் காலை 9 மணிக்குப் போய் அருமையாகப் பார்த்தார் என்றால் இன்று அதே தண்ணீர் மட்டத்துக்கு 9.50 வரை காத்திருக்க வேண்டும், அடுத்த வாரம் அந்தக் கணக்கே உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகமாகவும் அரைநிலா நாட்களில் குறைவாகவும் இருக்கும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதும் இல்லை. கடலோடிகள் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் 6 மணி நேரத்தில் முதல் மணியில் 20 செ.மீ., அடுத்து 40, அப்புறம் 60, 60, கடைசியில் 40, 20. அதாவது நடுவில் வரும் 2 மணி நேரத்திலேயே 1.2 மீட்டர் ஏறிவிடும். 1 மீட்டர் இடைவெளியோடு இருந்த குகை வாசல் அதற்குள் மூடிவிடும், நீங்கள் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாய்லாந்தின் பாங் ங்கா விரிகுடாவில் சில தீவுகளின் நடுவே, சுற்றிலும் செங்குத்தான பாறை எழுந்து வானத்தை மட்டும் பார்த்தபடி சின்னச் சின்ன உப்பங்கழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் போக வழி தாழ்வான குகைகள்தான். தண்ணீர் கூடினால் தலை இடிக்கும், குறைந்தால் கயாக் தரைதட்டும், நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் போய் வர வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது நாள் முழுவதையும் அந்த இடைவெளியைச் சுற்றித்தான் அமைக்க முடியும்.

ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது பக்கத்துத் துறைமுகத்தின் நேரம், குகை இருக்கிற தீவில் கொஞ்சம் முன்பின் ஆகலாம். மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஓதம் மிகக் குறைவு என்பதால் அங்கே இந்தப் படியைச் சீக்கிரம் கடந்து அடுத்ததற்குப் போய்விடலாம்.

படி 3: அலை, காற்று

வானிலை ஆப்பில் "அலை 1 மீட்டர்" என்று இருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைத்தான் அப்படிப் போடுகிறார்கள். நடுநடுவே அதைப்போல இரு மடங்குக்குப் பக்கத்தில் ஒன்று வந்து போகும்.

உயரத்துக்குப் பக்கத்திலேயே நொடிக்கணக்கு ஒன்று இருக்கும், ஓர் அலை முகட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. குகைக்கு உயரத்தைவிட இதுதான் முக்கியம். 4, 5 நொடி என்றால் அக்கம்பக்கத்துக் காற்று கிளப்பிய சின்ன அலை, படகை உலுக்கும், அவ்வளவுதான். 12 நொடிக்கு மேல் என்றால் எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பி வந்த நீண்ட அலை. வெளியே நின்று பார்த்தால் கடல் எண்ணெய் தடவியது போல வழவழவென்று கிடக்கும், ஆனால் அந்த அலை குகைக்குள் நுழைந்ததும் போக இடமில்லாமல் குறுகி மேலே எழும்பும். அரை மீட்டர் நீண்ட அலை வருகிற நாளில் உள்ளே போகாமல் இருப்பதே மேல்.

காற்றைப் பொறுத்தவரை, வெயில் காலத்தில் கரையோரங்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பும், அதனால் காலைப் பயணம்தான் நல்லது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள், தீவின் மறுபக்கம் அமைதியாக இருக்கும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் ஜாக்கிரதை, கரையோரம் சாதுவாகத் தெரியும், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனதும் வேறு கடல்.

வெளிச்சமும் ஒரு விஷயம்தான். கிழக்கே பார்த்த வாசல் என்றால் காலை வெயில் உள்ளே விழும், மேற்கே பார்த்ததற்கு மாலை. வெளிச்சமும் ஓதமும் ஒத்துவராவிட்டால் ஓதம் சொல்கிறபடி போங்கள், படம் சுமாராக வந்தால் பரவாயில்லை.

படி 4: இப்போது படகு

பெரிய படகு வசதி, சின்ன படகு குகைக்குள் போகும். இரண்டும் வேண்டும் என்றால் பெரிய படகில் கயாக்கோ சின்ன ரப்பர் படகோ ஏற்றிவருகிறார்களா என்று கேளுங்கள். நிழல் வேண்டும், பின்பக்கம் ஏணி வேண்டும் (இல்லாவிட்டால் தண்ணீரில் குதித்தவர்களை ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும்), அரை நாளுக்கு மேல் என்றால் கழிப்பறையும் வேண்டும்.

சில நாடுகளில் உரிமம் இல்லாமலே நீங்களே ஓட்ட வாடகைக்குத் தருவார்கள், கிரீஸில் 30 குதிரைத்திறன் வரை அப்படி எடுக்கலாம். முதல் முறை என்றால் எடுக்காதீர்கள். திறந்த கடலில் ஓட்டுவதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், பாறை ஓரத்தில் அலையோடு படகை நிறுத்திவைப்பதை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

படி 5: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பேசுங்கள்

வாடகை படகுக்கா ஆளுக்கா, எத்தனை மணி நேரம், எரிபொருள் சேர்த்தா, தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது, படகுக்கு அனுமதித்த ஆட்கள் எத்தனை, பயணிகளுக்குக் காப்பீடு உண்டா, குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, கரையோடு பேச ரேடியோ இருக்கிறதா. இதெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியே போதும். "குகைகளைப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் எந்தெந்தக் குகைக்கு உள்ளே போவோம், எதை வெளியிலிருந்து பார்ப்போம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சோதனைக் கேள்வி: "அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது, ஏன்?" ஓதத்தையும் காற்றையும் சொல்லிப் பதில் தருகிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். "எப்ப வேணும்னாலும் போகலாம் சார்" என்கிறவரை விட்டுவிடலாம். கடல் சரியில்லாத நாளில் முடியாது என்று சொல்லும் உரிமை படகோட்டிக்கு இருக்க வேண்டும், அப்படி அவர் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவாரா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பணம் போய்விடுமே என்று நீங்களே அவரை வற்புறுத்துகிற நிலைமை வராமல் இருக்க இதுதான் வழி. முடிந்தால் பயணத்தை ஊரில் தங்கும் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

படி 6: மூட்டை கட்டுங்கள்

தண்ணீர் புகாத பை, குடிக்கத் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, வழுக்காத செருப்பு, தலையில் மாட்டும் டார்ச். வாந்தி வரும் என்று பயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதிகம் கேட்காது. படகின் முன்முனைதான் அதிகம் தூக்கிப்போடும், நடுவிலோ பின்னாலோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

படி 7: ஏறும்போது

பைகளை முதலில் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராக, படகின் விளிம்பில் மிதிக்காமல் நடுவில் கால் வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் அதன் தோள்பகுதியைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள், காது வரை வந்தால் தளர்வு. குழந்தைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் பட்டை கட்டாயம். தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் வகை நீந்துவதற்கு ஆகாது, நீந்தப் போகிறவர்கள் உள்ளே நுரை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினிலிருந்து சுருள்சுருளாக ஒரு கயிறு, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஓட்டுகிறவர் காலிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் இன்ஜின் உடனே நின்றுவிடும். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 8: குகை வாசலில்

நல்ல படகோட்டி நேராக உள்ளே விடமாட்டார். வாசலுக்கு வெளியே கியரை எடுத்து நியூட்ரலில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். நீங்கள் பொறுமை இழக்காதீர்கள், அவர் அலையை எண்ணிக்கொண்டிருக்கிறார். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நாலைந்து சின்னதுக்கு அப்புறம் இரண்டு மூன்று பெரியது. ஐந்து பத்து நிமிடம் பார்த்தால்தான் பெரியது எவ்வளவு பெரியது என்று தெரியும். நீங்களும் வாசல் பாறையைப் பாருங்கள்: தண்ணீர் இறங்கும்போது சிப்பிகளும் பாசியும் தெரியும், ஏறும்போது மறையும், அதற்கும் மேலே வெயிலில் உலராமல் கறுப்பாக ஈரம் பளபளக்கும். அந்த ஈரத்தின் மேல்விளிம்புதான் கொஞ்சம் முன்னால் வந்த பெரிய அலை தொட்ட இடம். அங்கிருந்து கூரைக்கு எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும்.

காதையும் கொடுங்கள். குகையின் கடைசியிலிருந்து "தொம்" என்று சத்தம் வந்து, கூடவே நீர்த்திவலையும் காற்றும் வெளியே பீறிட்டால், உள்ளே அலை காற்றை அடைத்து நசுக்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கு வெளியிலிருந்து பார்த்தது போதும்.

உள்ளே போகலாம் என்று ஆனதும் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இருட்டு சீக்கிரம் பழகும். எல்லாரும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கை படகுக்குள்ளேயே இருக்கட்டும். படகு பாறைப் பக்கம் சாயும்போது கையால், காலால் தள்ளிவிடத் தோன்றும், தோன்றினாலும் செய்யாதீர்கள், டன் கணக்கில் எடையுள்ள படகுக்கும் பாறைக்கும் நடுவே விரல் சிக்கினால் நசுங்கிவிடும். சில படகோட்டிகள் பின்பக்கமாகவே உள்ளே போவார்கள், பெரிய அலை வந்தால் முன்முனையால் அதை எதிர்கொண்டு அப்படியே வெளியேறிவிடலாம் என்று.

உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் புகை தேங்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாசனையில்லாமல் சேரும். தலை பாரமாக இருந்தால் உடனே சொல்லுங்கள். டார்ச்சைக் கொஞ்சம் அணைத்துப் பாருங்கள், தண்ணீருக்கடியில் இருக்கும் திறப்பு வழியாக வெயில் நுழைகிற குகைகளில் நீல வெளிச்சம் கீழேயிருந்து எழும்புவது அப்போதுதான் தெரியும். கத்தி எதிரொலி கேட்கிற ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். மேலே வௌவால், பறவைக் கூடு இருக்கலாம், மத்தியதரைக் கடல் குகைகள் சிலவற்றில் மங்க் சீல் என்ற அரிய வகைக் கடல்நாய் குட்டி போடும். அப்படிப்பட்ட குகை என்றால் போகவே வேண்டாம்.

படி 9: தீவில் இறங்கி நீந்தும்போது

இன்ஜின் நின்று, ப்ரொப்பெல்லர் சுற்றுவதும் நின்ற பிறகுதான் ஏணியில் கால். கியரை எடுத்தால் மட்டும் போதாது. நங்கூரத்தை மணலில் போடச் சொல்லுங்கள், பவளத்திலும் கடற்புல்லிலும் போட்டால் இழுக்கும்போது எல்லாம் பிய்ந்து வரும், கட்ட மிதவை இருந்தால் அதுவே சிறந்தது. ஆழம் தெரியாமல் யாரும் தலைகீழாகக் குதிக்க வேண்டாம். கிளம்பும்போது ஆளை எண்ணுங்கள், படகோட்டி எண்ணினாலும் நீங்களும் எண்ணுங்கள்.

படி 10: திரும்புதல்

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு, இதுதான் கடலில் பழைய வழக்கம். "இன்னும் ஒரே ஒரு தீவு" என்று நீங்கள் கேட்டு அவர் எரிபொருள் முள்ளைப் பார்த்துவிட்டுத் தயங்கினால் விட்டுவிடுங்கள். கடலில் வெள்ளை நுரை அங்கங்கே தலைகாட்ட ஆரம்பித்தாலும் அதே பதில்தான், அது காற்று கூடுவதற்கு அடையாளம், போன நேரத்தைவிடத் திரும்பும் நேரம் அதிகமாகும். கரை இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தரை ஆடுகிற மாதிரி இருக்கும். குமட்டல் மாத்திரை சில தூக்கம் வரவைக்கும், அதைப் போட்டவர் வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.