டிராக்டர் கேபின்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபினை வெளியே நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியின் பளபளப்பையும் ஏசியின் குளிர்ச்சியையும் வைத்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அதை ஓட்டப்போகிறவரே வேலைக்குப் போடும் காலணியோடு ஏறி, அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் சீட் என்றால், அவருடைய எடைக்கு ஏற்ப அதைச் சரிசெய்த பிறகே மதிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சீட்டும் மேட்டிலும் பள்ளத்திலும் அடிமட்டம் வரை இறங்கி முதுகெலும்பைத் தாக்கும். உழவில் பாதி நேரம் பின்னால் பார்த்தே கழிகிறது என்பதால், கழுத்தைத் திருப்பியதும் கலப்பை மாட்டும் இணைப்புக் கைகளின் முனை தெரிகிறதா, பின்தூண் அதை மறைக்கிறதா என்று பார்ப்பது எனக்கு மற்ற எதையும்விட முக்கியமாகப் படுகிறது.

மூடிய கேபின் மருந்து தெளிக்கும்போது தானாகவே காக்கும் என்று நம்புவது இன்னும் ஆபத்தானது. சாதாரணக் காகித ஃபில்டர் தூசியைத் தடுக்கும். மருந்தின் ஆவியைத் தடுக்காது. ஐரோப்பாவின் ஈஎன் 15695 தரநிலை கேபின்களை 4 வகைகளாகப் பிரிக்கிறது: முதல் வகைக்குக் குறிப்பிட்ட பாதுகாப்பு அளவு எதுவும் இல்லை, 2ஆம் வகை தூசியை மட்டும் தடுக்கும், 3ஆம் வகை நுண்துளிகளையும் சேர்த்துத் தடுக்கும், ஆவிக்கும் காப்பளிப்பது 4ஆம் வகை மட்டுமே. அந்த வகையிலும், உள்ளே காற்றழுத்தம் சற்று அதிகமாக இருந்து, கதவும் ஜன்னலும் மூடியிருந்தால்தான் அந்தக் காப்பு நிற்கும். மருந்து பட்ட கையுறையோடு ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நஞ்சை நாமே உள்ளே கொண்டுவந்தவர்களாகிறோம்.

டிராக்டரை வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திக்கொள்ளும் தகரக் கேபின் வெயிலையும் மழையையும் தடுக்குமே தவிர, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் என்று சொல்ல முடியாது. கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்துக்கான சான்றுத் தகடு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்; அந்தச் சட்டகத்தில் விளக்கோ கொக்கியோ மாட்டுவதற்காகத் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் அதன் வலிமையைக் குறைத்துவிடும். சட்டகம் இருந்தும் சீட் பெல்ட் போடாதவர், கவிழும்போது அதன் காப்பெல்லைக்கு வெளியே தூக்கி எறியப்படலாம்.

உயரத்தை அளக்க மறப்பதும் உண்டு. கொட்டகை வாசலையும் தோப்பில் தாழ்ந்து தொங்கும் கிளைகளையும் அளந்துவிட்டு, கேபினின் கூரையோடு அதன் மேலுள்ள விளக்கின் உயரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.