கவர் பாடல்களால் ஒரு முதல் ஆல்பம்: பெங்களூருத் தமிழ்க் குழுக்களுக்கான வழிகாட்டி

பெங்களூரில் பாப் ராக் வாசிக்கும் தமிழ்க் குழு ஒன்று தன் முதல் ஆல்பத்தைக் கவர் பாடல்களாலேயே, அதாவது பிறர் ஏற்கெனவே வெளியிட்ட பாடல்களைத் தாங்கள் பாடிப் பதிவு செய்வதாலேயே, அமைக்க விரும்பினால், ஸ்டுடியோவை முன்பதிவு செய்வதற்கு முன்பே பாடல்களின் உரிமையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேடையில் பாடுவதற்கான அனுமதி வேறு, ஒலிப்பதிவு செய்து வெளியிடுவதற்கான அனுமதி வேறு. இந்திரா நகரிலோ கோரமங்கலாவிலோ உள்ள உணவகம், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைகளைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் நிகழ்ச்சிக்காக உரிமம் பெற்றிருக்கிறது என்பதற்காக, அங்கே பாடியதை ஆல்பத்தில் சேர்த்துவிட முடியாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கென்றே ஒரு வழியைத் தருகிறது. முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்தபின் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் கழிய வேண்டும். அதாவது 2020இல் பதிவான பாடலை 2026 பிறந்த பிறகே தொடலாம். உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், ராயல்டியை முன்கூட்டியே செலுத்த வேண்டும், அதுவும் ஒவ்வொரு பாடலுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிறு குழுவுக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே இசைக்கும் வரிகளுக்கும் உரிமை வைத்திருப்பவர்களிடம் நேரடியாக எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவதே நடைமுறைக்கு உகந்தது. பழைய திரைப்பாடல்களில் உரிமை தயாரிப்பாளரிடமா, ஆடியோ நிறுவனத்திடமா, இசையமைப்பாளரிடமா என்பதே வழக்கில் இருக்கக்கூடும். அத்தகைய பாடலை, எவ்வளவு பிடித்திருந்தாலும், முதல் ஆல்பத்தில் தவிர்ப்பது நல்லது. 1921இல் மறைந்த பாரதியாரின் வரிகளுக்கு இன்று உரிமைத் தடை இல்லை என்றாலும், திரையில் கேட்ட மெட்டுக்குத் தனி உரிமையாளர் இருக்கக்கூடும். வரிகளை எடுத்துக்கொண்டு மெட்டை நீங்களே போடுங்கள்.

அடுத்தது இசைக்கோர்ப்பு. அனுமதி கேட்கும்போதே என்ன மாற்றப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சரணத்தை வெட்டுவது, நடுவில் ராப் சேர்ப்பது போன்றவற்றுக்குத் தனி ஒப்புதல் தேவைப்படும். தமிழ்த் திரைப்பாடலில் இடையிசையும் பாடலின் அடையாளம் என்பதால், வயலின்களின் பகுதியை அப்படியே கிதாருக்கு மாற்றினால் ஏதோ குறைவதாகவே தோன்றும். அதன் தாளக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) ஒன்றை அமைப்பது மேல். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கிதாரில், காந்தாரமும் சேர்ந்த பல சுரங்களை ஒன்றாக மீட்டும் முழு கார்டு வாசிக்கும்போது கவனம் வேண்டும். பாடகர் காந்தாரத்தை அசைத்துப் பாடும் இடத்தில் கிதார் அதே சுரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட பவர் கார்டு வாசித்தால், காந்தாரம் பாடகரின் பொறுப்பில் சுதந்திரமாக இருக்கும். குரலுக்காகச் சுருதியை அரைக் கட்டை இறக்க நேர்ந்தால் எல்லாத் தந்திகளையும் சேர்த்தே இறக்கிவிடலாம். ராக் இசைக்கு அந்தத் தளர்ச்சி பல வேளைகளில் அழகுதான்.

இந்த ஊர்க் குழுவில் டிரம்மர் கன்னடராகவும் கிதார்காரர் மலையாளியாகவும் இருப்பது சாதாரணம். ஒத்திகை நடக்கும் ஜாம் ரூமில் முதல் நாளே வரிகளின் பொருளை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் சிம்பலை அடக்க வேண்டும் என்று பிறகு சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோரஸ் பாடும் கன்னட நண்பருக்கு வரிகளைக் கன்னட எழுத்தில் தந்தால் ககர, தகர ஒலிகள் தெளிவாகிவிடும். ழகரத்தை மட்டும் நேரில் சொல்லித்தர வேண்டும்.

டிரம்ஸை நல்ல அறை உள்ள ஸ்டுடியோவிலும் மற்றவற்றை வீட்டிலும் பதிவு செய்தால் செலவு குறையும். இறுதி வடிவம் தயாரானதும் ஒவ்வொரு பாடலுக்கும் அந்த ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் பெற்று, பாடல்களை இணையத் தளங்களில் சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் அது கவர் என்பதையும், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களையும் சரியாக நிரப்ப வேண்டும். வீடியோ வெளியிடும் எண்ணம் இருந்தால் பாடலைக் காட்சியோடு இணைப்பதற்கான சிங்க் உரிமத்தையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பின்னால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை எழுந்தால் காட்டுவதற்கு அந்தக் கடிதம் கைவசம் இருக்க வேண்டும்.