புது பிஎம்6 வந்ததும் சோலார் செல் சொதப்பியது: என் அனுபவம்

பிஎம்6 என்ற பாலிமரையும் ஒய்6 என்ற சிறு மூலக்கூறையும் கலந்து செய்யும் சோலார் செல்லில் திடீரென ஃபில் ஃபேக்டர் (செல் தரக்கூடிய உச்சத் திறனில் எவ்வளவு நிஜமாகக் கிடைக்கிறது என்ற அளவு) சரிந்தது. மின்னழுத்தம் மட்டும் அசையவில்லை. குளவ்பாக்ஸில் (காற்றுப் புகாத வேலைப்பெட்டி) ஆக்சிஜன், அனீலிங் (படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துதல்) சூடு, ஒய்6 எல்லாம் சரிபார்த்தும் பலனில்லை. பழைய புட்டியில் மிச்சமிருந்த பிஎம்6 போட்டதும் செல் தேறியது. ஆக, பாலிமர்தான்.

இரண்டு புட்டிக்கும் மூலக்கூறு எடை ஏறக்குறைய ஒன்றுதான் என்றது கூடவந்த தாள். ஆனால் கவனியுங்கள், அது அறை வெப்பத்தில் குளோரோஃபார்மில் அளந்தது. பிஎம்6 சங்கிலிகள் அதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்தை, எடை அளக்கும் கருவி பெரிய மூலக்கூறாகக் காட்டிவிடும். டிரைக்குளோரோபென்சீனில் 150 டிகிரியில் அளந்தபோது புதியதில் குட்டைச் சங்கிலிகள் நிறையத் தெரிந்தன.

அப்புறம் சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கழுவும் கண்ணாடிக் கருவி) மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் என வரிசையாகக் கழுவினேன். குட்டைச் சங்கிலிகள் கரைந்து ஹெக்சேன் சிவந்து இறங்கியது. மிஞ்சியதைக் குளோரோஃபார்மில் எடுத்து, மெத்தனாலில் வீழ்படிவாக்கி உலர்த்தினேன். ஃபில் ஃபேக்டர் திரும்பிவிட்டது, பெரிய நிம்மதி.