போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரரா? டெல்லியிலிருந்து கிழக்காசிய ஆராய்ச்சிக்குள் நுழைவது எப்படி

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து, "அண்ணா, நீங்க சீனம் படிச்சவராமே, நான் போதிதர்மர் மேல பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன், எங்க ஆரம்பிக்கணும்?" என்றான். போதிதர்மர் என்றால், சீனாவுக்கு ஸென் பௌத்தத்தைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் துறவி. சீனம் தெரியுமா என்றேன். தெரியாதாம். ஜப்பானியம்? "யூடியூப்ல கொஞ்சம்." மெட்ரோ வரை நடந்துகொண்டே அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் வருடத்துக்கு நாலு பேராவது இதையே கேட்கிறார்கள், நாலு பேருக்கும் தலைப்பு தயாராக இருக்கிறது, மொழி இல்லை.

மொழி இல்லாமல் இந்தத் துறையில் ஒன்றும் நடக்காது. ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எம்.ஏ. கட்டுரை வரை ஓட்டலாம், அதற்கு மேல் ஓடாது. டெல்லியில் வழிகள் நிறைய. ஜேஎன்யூவில் சீனம், ஜப்பானியம், கொரியன் மூன்றுக்கும் பி.ஏ. உண்டு, சேர்க்கை சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறை 1964-இல் சீனத்துக்காகத் தொடங்கியது, இன்று எம்.ஏ.வும் டிப்ளமாக்களும் அங்கே இருக்கின்றன. லஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷனும் கொரியக் கலாச்சார மையமும் இருக்கின்றன, இரண்டுமே மொழி சொல்லித் தருகின்றன. நூலகத்துக்காக ஜப்பான் ஃபவுண்டேஷன் போகிறவர்கள் முதலில் போன் செய்து நேரம் கேட்டுவிட்டுப் போங்கள், வெயிலில் அலைய வேண்டாம்.

எந்த மொழி என்பதைத் தலைப்பு முடிவு செய்யட்டும், நீங்கள் பார்த்த சீரியல் முடிவு செய்ய வேண்டாம். அப்புறம் யாரும் முன்கூட்டியே சொல்லித்தராத ஒரு சங்கதி: இன்றைய சீனம் படித்தவருக்கு தாங் வம்ச காலத்து நூல் தானாகப் புரியாது. தினத்தந்தி வாசிக்கிறவர் கையில் உரை இல்லாமல் பத்துப்பாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும், அதேதான். செவ்வியல் சீனத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். கொரிய வரலாறு என்றாலும் இதுதான் கதை. கொரியர்களின் சொந்த எழுத்தான ஹங்குல் 1446-இல் வெளியாகிவிட்டது என்றாலும் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் அரசாங்க ஏடுகள் செவ்வியல் சீனத்தில்தான் எழுதப்பட்டன. நல்ல வேளையாக கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்சத்து அரசர்களின் நாட்குறிப்பு வரலாறு, 1,893 பாகம், மூலமும் இன்றைய கொரிய மொழிபெயர்ப்புமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சீன பௌத்தம்தான் உங்கள் துறை என்றாலும் ஜப்பானியம் வாசிக்கத் தெரிய வேண்டும், அந்தத் துறையின் பாதி ஆராய்ச்சி அந்த மொழியில்தான் கிடக்கிறது.

தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஜப்பானியமும் கொரியனும் வாக்கிய அமைப்பில் நம் பக்கத்து வீடு மாதிரி. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். என் வகுப்பில் இருந்த ஒரு பெல்ஜியப் பெண் 'தபெதெ மிரு' என்பதை ஒரு வாரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார். அவ்வளவுதான்! கொரியனிலும் அதே கட்டு, 'மொகொ பொதா'. நம் 'வருகிறேன் என்று சொன்னான்' இருக்கிறதே, அந்த 'என்று' வேலையை ஜப்பானியத்தில் 'தொ' செய்யும், இடம்கூட மாறாது.

ஆனால் இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். கட்டமைப்பு ஒத்திருந்தால் மொழிகள் உறவு என்று ஆகாது. துருக்கியமும் மங்கோலியமும்கூட இப்படித்தான் இருக்கின்றன. சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்று பல ஆண்டுகள் எழுதினார், பெரிய உழைப்பு, ஆனால் வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. அப்பா, அம்மா கொரியனிலும் இருக்கிறது என்ற ஃபார்வர்டை விட்டுவிடுங்கள், குழந்தை முதலில் உதட்டில் உருட்டும் ஒலிகள் அவை, உலகம் பூராவும் அப்படித்தான்.

சரி, போதிதர்மர். ஒரு கூற்றை எப்படிப் பின்தொடர்வது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. "பல்லவ இளவரசர், காஞ்சியிலிருந்து சீனா போனார்" என்பது கூற்று. சிபேட்டா என்ற தைவான் தளத்தைத் திறங்கள், சீன பௌத்த நூல்களெல்லாம் அங்கே இலவசம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சாட் தளமும் அதே மாதிரி. இரண்டுக்கும் அடிப்படை தாய்ஷோ பதிப்பு, அதாவது ஜப்பானில் 1924 முதல் 1934 வரை அச்சான பௌத்த நூல் திரட்டு, 100 தொகுதிகள். ஒவ்வொரு நூலுக்கும் அதில் ஒரு எண் உண்டு. எண்ணைத் தட்டினால் நூல் வந்து நிற்கும்.

முதலில் 2092. லோயாங் நகரத்து விகாரங்களைப் பற்றி யாங் ஷுவான்ஜி 547-இல் எழுதியது. போதிதர்மர் பெயர் வரும் ஆகப் பழைய குறிப்பு இதுதான். யோங்நிங் விகாரத்துக் கோபுரத்தைப் பார்த்து அசந்துபோய், எனக்கு வயது 150, இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லி, நாள்கணக்காகக் கைகூப்பி 'நமோ' சொல்லிக்கொண்டே நின்றாராம். எந்த ஊர்க்காரர்? பாரசீகம் என்று போட்டிருக்கிறது. ஆமாம், பாரசீகம். அடுத்து 2060, துறவி டாவோஷுவான் 645-இல் தொகுத்த வரலாறு: தென்னிந்தியர், பிராமண குலம். போதிதர்மர் போதனை எனப்படும் நூலுக்கு அவருடைய சீடராகச் சொல்லப்படும் தான்லின் எழுதிய முன்னுரையில் தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன். பிறகு எண் 2076, ஸென் குருமார் பரம்பரையைச் சொல்லும் 1004-ஆம் ஆண்டு நூல். அதில்தான் 'ஷியாங்ஜி' அரசனின் மூன்றாம் மகன் என்று வருகிறது. இந்த ஷியாங்ஜிதான் காஞ்சி என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பல்லவர் என்ற பெயர் இந்த நாலில் எதிலும் கிடையாது.

இனிமேல்தான் ஆராய்ச்சியே. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் ஷுவான்சாங் (நம் பாடப்புத்தகத்து யுவான் சுவாங்) திராவிட நாட்டைப் பற்றி எழுதும்போது அதன் தலைநகரைக் 'ஜியென்ஜிபுலோ' என்று நாலு எழுத்தில் எழுதினார், அது காஞ்சிபுரம் என்பதில் பெரிய தகராறு இல்லை. அந்தக் காலத்துச் சீன உச்சரிப்பில் அந்த முதல் எழுத்து ககரத்தில் தொடங்கும். ஷியாங்ஜியின் முதல் எழுத்தோ ஹகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி, பொருள் நறுமணம். அப்படியானால் ஒலியை எழுதினார்களா, பொருளை எழுதினார்களா, இல்லை வேறு ஊரா? இந்த ஒரு கேள்வியிலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை கிடக்கிறது. பையன் முகம் வாடிவிட்டது. எனக்கு என்னவோ "காஞ்சிதான்" என்ற பதிலைவிட இது சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து போய்க் கொரிய அரசனை மணந்தாள் என்று சொல்லப்படும் ராணி கதையையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். 'அயுதா' நாட்டிலிருந்து கி.பி. 48-இல் பதினாறு வயதில் கடல் வழியாக வந்தாள் என்கிறது சம்குக் யுசா என்ற பழைய கொரிய நூல். அயோத்தி என்கிறார்கள் வடக்கே, ஆய் நாடு என்கிறார்கள் நம் ஆட்கள். நூல் தொகுக்கப்பட்டது பதின்மூன்றாம் நூற்றாண்டில். நடுவில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர் எழுதும் முறை. இதில் நான் இரண்டு மாதம் தொலைத்தேன். சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத வேட்-ஜைல்ஸ் என்ற பழைய முறை இருக்கிறது, பின்யின் என்ற இன்றைய முறை இருக்கிறது, போதாததற்கு அவரவர் சொந்த முறை வேறு. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் 'சூ-லியென்' என்ற நாட்டுக்குக் குறிப்பட்டை போட்டேன், புதுக் கட்டுரைகளில் வந்த 'ஜூ-நியென்' நாட்டுக்கு இன்னொன்று. இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக வணிகப் பொருள் பட்டியல்கூடத் தயார் செய்துவிட்டேன். கடைசியில் சீன எழுத்தைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று, அதுவும் எது தெரியுமா, சோழ நாடு! தஞ்சாவூரில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு அவமானம். அதிலிருந்து எந்தப் பெயரானாலும் மூல எழுத்தையும் தொனிக்குறியோடு பின்யினையும் சேர்த்தே குறித்துவைக்கிறேன், தேடுவதும் மூல எழுத்தில் மட்டும்தான். கொரியனில் இன்னும் மோசம். கடற்படைத் தளபதி யி சுன்-சின், தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீ, இவர்கள் குடும்பப் பெயர் எழுத்தில் ஒன்றே. இன்றைக்கு நீங்கள் சந்திக்கும் மிஸ்டர் லீயுடையதும் பெரும்பாலும் அதே எழுத்துதான்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீனத்துக்கு ப்ளெகோ ஆப், கொரியனுக்கு நேவர் அகராதி, பௌத்தம் அல்லாத பழைய சீன நூல்களுக்கு சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட், பதிப்புரிமை தீர்ந்த ஜப்பானிய இலக்கியத்துக்கு ஆஓசோரா புன்கோ, ஜப்பானியக் கட்டுரைகளுக்கு ஜே-ஸ்டேஜ், மேற்கோள்களை அடுக்க ஸொட்டேரோ. சீனக் கட்டுரைகளுக்கான பெரிய தளம் காசு கேட்கும், உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏஐ மொழிபெயர்ப்பை மேலோட்டமாகப் பார்க்கப் பயன்படுத்தலாம். செவ்வியல் சீனத்தில் அது சரளமாகத் தப்பு பண்ணும், ஊர்ப் பெயரைப் பிடித்து வினைச்சொல் ஆக்கிவிடும்.

தலைப்பு கிடைக்காமல் திண்டாடுகிறவர்களுக்கு: தமிழ் தெரிந்த உங்களால் மட்டும் முடிகிற இடத்தைப் பாருங்கள். சீனத்து சுவான்ஜோ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது 1281. செகசைகான் என்ற கானின் உடல்நலத்துக்காக, அவருடைய பர்மான்படி, அதாவது அரசாணைப்படி, திருக்கதலீச்சுரத்து நாயனாரை எழுந்தருளச் செய்ததாகச் சம்பந்தப் பெருமாள் சொல்கிறார். குப்ளாய் கான் ஆண்ட காலத்துச் சீனாவில், தமிழ் வாக்கியத்துக்குள் 'பர்மான்' என்று ஒரு பாரசீகச் சொல்! இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409-ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டையும் பாருங்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை தருகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான். சீனம் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். சீனப் பத்தியையும் தமிழ்ப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பையனுக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் சின்னது. ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் ஆய்வுப் பயணி ஆரல் ஸ்டைன் கொண்டுவந்த மத்திய ஆசியச் சேகரிப்பு இருக்கிறது, சீனத்து துன்ஹுவாங் குகையின் பட்டு ஓவியங்கள் உட்பட. அதைப் போய்ப் பார்த்து, விளக்க அட்டையில் இருக்கும் ஒரே ஒரு பெயரை எடுத்து, அதன் மூல எழுத்து என்ன, எந்த நூலில் வருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வா என்றேன். திங்கள்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளிலும் அந்தக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.